ஐசியூ வாசல்ல வாங்குற அந்தக் கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருணைக்கொலை பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரையையும் அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் விடாம படிச்சேன். ஒருத்தர் உயிரைக் கொடுத்தவன்தான் எடுக்கணும் நாம யாருனு எழுதியிருந்தார், இன்னொருத்தர் நெதர்லாந்துல 2002-லயே சட்டம் வந்துருச்சு நாம இன்னும் தூங்கிட்டு இருக்கோம்னு கோவப்பட்டிருந்தார். ரெண்டு பேரும் நல்லாத்தான் எழுதுறாங்க, ஆனா இந்தியாவுல இப்போ சட்டம் என்ன சொல்லுதுனு ரெண்டு பேருமே ஒரு வரி கூட எழுதல, நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல நெசமா என்ன நடக்குதுங்கறதை தொடவே இல்ல. நான் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, சர்வீஸ்ல பெரும்பகுதி ஐசியூலதான் ஓடுச்சு, அதனால எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன். நீளமா போச்சுனா வெட்டிக்கோங்க சார், ஆனா கையெழுத்து பத்தி வர்ற பகுதியை மட்டும் விட்டுருங்க.

முதல்ல சட்டத்தை சொல்லிடுறேன். ஊசி போட்டு உயிரை எடுக்குறது இந்தியாவுல இன்னைக்கும் குற்றம்தான். நோயாளியே கையெடுத்துக் கும்பிட்டு கேட்டாலும் சரி, பெத்த பிள்ளைங்க எல்லாரும் சரின்னாலும் சரி, பண்ற டாக்டர் மேல கேஸ்தான். செத்தவர் 18 வயசு தாண்டினவர், அவரே சம்மதிச்சுதான் நடந்துச்சுனு நிரூபிச்சா கொலைங்கறதுலேருந்து ஒரு படி இறங்கி கொலையாகாத மரணம் விளைவிச்ச குற்றம்னு ஆகும், அவ்வளவுதான் சலுகை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல (ஐபிசி) இருந்தது, அதுக்குப் பதிலா இப்போ வந்த பாரதிய நியாய சன்ஹிதாலயும் அப்படியே இருக்கு. ஆனா பொழைக்க வழியே இல்லாத ஒருத்தருக்கு வென்டிலேட்டரை எடுக்குறது, இனிமே டயாலிசிஸ் வேண்டாம்னு நிறுத்துறது, இதெல்லாம் வேற கணக்கு. மெஷின் வச்சு தடுத்துட்டு இருக்கறதை நிறுத்திட்டு, நோய் அதோட போக்குல போக விடுறது. இதை முறைப்படி செஞ்சா தப்பில்லைனு சுப்ரீம் கோர்ட் 2011-ல ஒரு தடவ சொல்லிருச்சு, 2018-ல அஞ்சு நீதிபதிங்க உக்காந்து இன்னும் அழுத்தமா சொன்னாங்க, 2023-ல அதோட நடைமுறையை எளிசாக்கவும் செஞ்சாங்க. ஆக, சட்டம் வேணும் சட்டம் வேணும்னு கேக்குறவங்க கேக்குறதுல பாதி ஏற்கனவே கையில இருக்கு.

இன்னொரு குழப்பமும் ஜனங்கட்ட உண்டு, மூளைச்சாவு அடைஞ்சவருக்கு மெஷினை எடுத்தா கருணைக்கொலைனு நெனைக்கிறாங்க. மூளைச்சாவுன்னா ஆளு இறந்தாச்சு, அதை உறுதி பண்றதுக்கு 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்துல தனி முறை இருக்கு, அதுக்கும் இந்த விவாதத்துக்கும் சம்பந்தமே இல்ல. கருணைக்கொலைங்கறதையே நம்ம ஊர்ல கன்னாபின்னானு பயன்படுத்துறாங்க சார். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல போய்ப் பாருங்க, பட்டா மாத்தித் தரல, பக்கத்து வீட்டுக்காரன் பாதையை அடைச்சுட்டான், அதனால எங்களை குடும்பத்தோட கருணைக்கொலை பண்ணிருங்கனு மனு எழுதிட்டு வந்து நிப்பாங்க, மறுநாள் உங்க பேப்பர்லயே போட்டோவோட வரும். 2017-ல ராஜீவ் கேஸ் கைதி ராபர்ட் பயஸ் கூட விடுதலை இல்லைனா கருணைக்கொலையாவது பண்ணுங்கனு முதல்வருக்கு மனு எழுதினார். அதெல்லாம் வாழ விடுங்கனு கேக்குற மனு, சாவு கேக்குற மனு இல்ல. எந்த கலெக்டருக்கும் அந்த அதிகாரம் கிடையவும் கிடையாது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஐசியூல ஒரு பெரியவர் படுத்திருக்கார், ஸ்ட்ரோக் வந்து மூளைல பெரிய ரத்தக்கசிவு, இல்ல கேன்சர் எல்லா எடத்துக்கும் பரவிருச்சு, வாய்ல டியூப், வென்டிலேட்டர், மூக்குல சாப்பாடு போற ரைல்ஸ் டியூப், பிரஷருக்கு மருந்து ஓடுது. நாலஞ்சு நாள் ஆச்சுனா டாக்டர் மூத்த மகனை உள்ள கூப்பிடுவார். இதுக்கு மேல பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, வச்சிருந்தா செலவுதான் ஆகும், நீங்க குடும்பத்துல பேசி ஒரு முடிவு சொல்லுங்கம்பார். அவர் சொல்றது தப்புனு நான் சொல்லல, பல சமயம் அதுதான் உண்மை. மகன் வெளிய வந்து மாப்பிள்ளைக்கு போன் போடுவார், அக்கா அழும், யாராவது ஒருத்தர் எங்ககிட்ட வந்து "சிஸ்டர், உள்ளதைச் சொல்லுங்க, எங்கப்பாவுக்கு சான்ஸ் இருக்கா இல்லையா"ம்பாங்க, நாங்க "டாக்டர்ட்டயே கேளுங்கண்ணே"ன்னு சொல்லிட்டு நகந்துருவோம், ஏன்னா எங்களுக்கு அதைச் சொல்ற அதிகாரம் இல்ல. சாயங்காலம் ஆனதும் ஒரு படிவம் வரும். டாக்டர் ஆலோசனைக்கு எதிரா, எங்க சொந்தப் பொறுப்புல நோயாளியை கூட்டிட்டுப் போறோம், என்ன நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பில்லைனு அதுல இருக்கும். மகன் கையெழுத்து போடுவார்.

கவனிங்க சார், கூட்டிட்டுப் போகச் சொன்னதே டாக்டர். பேப்பர்ல மட்டும் அவர் ஆலோசனைக்கு எதிரானு இருக்கும். பொழைக்க வழியில்லைங்கற முடிவை எடுத்தது ரெண்டு மருத்துவ போர்டு (டாக்டருங்க குழு, அதைப் பின்னாடி சொல்றேன்) இல்ல, அதுக்கு எந்த ரெக்கார்டும் இல்ல, கோர்ட் சொன்ன எந்த முறையும் நடக்கல, ஆனா ஒரு மனுசனோட கடைசி முடிவு அந்த ஒரு கையெழுத்துல முடிஞ்சுருது. அந்தப் பாரம் பூராவும் அந்த மகன் தலையில, அவர் சாகுற வரைக்கும் நான்தான் எங்கப்பாவைக் கொன்னுட்டேனோனு நெனச்சுட்டே இருப்பார். சொந்தக்காரங்க வேற விடுவாங்களா, பணத்தைப் பாத்துட்டு தூக்கிட்டு வந்துட்டான்னு ஒரு பேச்சு காலத்துக்கும் நிக்கும்.

அதுக்கப்புறம் என்ன நடக்குதுனு வெளிய யாருக்கும் அதிகமா தெரியாது. ஆம்புலன்ஸ்ல ஏத்தி, வென்டிலேட்டருக்குப் பதிலா கையால அம்பு பேக்கை (மூச்சுக்காத்து குடுக்குற பை) அமுக்கிட்டே போவாங்க. வீட்டு வாசல்ல போய் சேந்ததும், கூட வந்த பையன் டியூபை எடுத்துட்டு வந்துருவான். வீட்டுல ஆக்சிஜன் இருக்காது, சளி எடுக்குற மெஷின் இருக்காது, வலிக்கோ மூச்சுத்திணறலுக்கோ ஒரு சொட்டு மருந்து கூட எழுதிக் குடுத்திருக்க மாட்டாங்க. சில பேருக்கு சீக்கிரம் முடிஞ்சுரும், சில பேர் ராத்திரி முழுக்க இழுத்துட்டு கிடப்பாங்க, சுத்தி நின்னு பால் ஊத்திட்டே இருப்பாங்க. வீட்டுல உசுரு போகணும்ங்கற ஆசை நம்ம ஜனங்களுக்கு உண்டு, செத்ததுக்கப்புறம் உடம்பை உள்ள கொண்டு வரக்கூடாதுனு நெனைக்கிற குடும்பமும் உண்டு, அதை நான் மதிக்கிறேன், வீட்டுல சாகுறது ஆஸ்பத்திரில சாகுறதைவிட நல்லதுதான். ஆனா மருந்தில்லாம மூச்சுக்கு தவிச்சு சாகுறதுக்கு பேரு கண்ணியம் இல்ல.

இதுக்கு நேர் எதிரான கதையும் ஒண்ணு உண்டு. பணம் இருக்கறவங்க, இல்ல பெரிய இன்சூரன்ஸ் இருக்கறவங்க வீட்டுல யாரும் அந்தக் கையெழுத்தை போட மாட்டாங்க. பெரியவன் துபாய்லேருந்து வர்ற வரைக்கும் வச்சிருங்கம்பாங்க, பெரியவன் வந்து இறங்கினதும் நான் இப்பதானே வந்தேன், இன்னும் நாலு நாள் பாப்போமேம்பான், நாலு நாள் பத்து நாள் ஆகும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், நெனவோட இருந்தப்போ என் கையைப் புடிச்சு "டியூப் கியூப் எல்லாம் எனக்குப் போட்டுறாதீங்கம்மா, நான் வாழ்ந்து முடிச்சாச்சு"ன்னு தெளிவா சொன்னவர். ராத்திரி மூச்சு வாங்குச்சு, வீட்டுல பதறிட்டாங்க, போட்டாச்சு. அவர் சொன்னதை நான் சொன்னப்போ மகனுக்கு கோவம் வந்துருச்சு, "எங்கப்பாவைப் பத்தி எங்களுக்குத் தெரியும் சிஸ்டர்"னுட்டார். எழுதி வச்ச ஒரு துண்டுப் பேப்பர் இருந்திருந்தா நான் அதை நீட்டியிருப்பேன், வாய்ப்பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கு. இதுதான் சார் நெலமை, காசில்லாதவருக்கு நேரத்துக்கு முன்னாடியே மெஷின் கழண்டுருது, காசுள்ளவருக்கு கழட்ட வேண்டிய நேரம் வந்தும் கழள மாட்டேங்குது, ரெண்டுலயும் படுத்துக் கிடக்கறவரோட விருப்பம் என்னனு யாரும் கேக்குறதில்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரை இருக்கு, இல்லேன்னு சொல்லல, ஆனா பெரிய ஐசியூல நாளாக நாளாக அது எந்த மூலைக்கு.

அருணா ஷான்பாக் பத்தி கட்டுரைல ரெண்டே வரில முடிச்சுட்டாங்க, அது ஒரு நர்ஸோட கதைங்கறதால நான் கொஞ்சம் சொல்லணும். கர்நாடகாவுல ஹல்திப்பூர்லேருந்து பம்பாய்க்கு வேலைக்கு வந்த பொண்ணு, கேஇஎம் ஆஸ்பத்திரில நர்ஸ், அதே ஆஸ்பத்திரில ஒரு டாக்டரோட கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்துச்சு. 1973 நவம்பர் 27-ஆம் தேதி டியூட்டி முடிஞ்சு துணி மாத்தப் போன எடத்துல, அங்கயே வேலை பாத்த வார்டு பாய் ஒருத்தன் நாய் கட்டுற சங்கிலியை கழுத்துல போட்டு இறுக்கி பலாத்காரம் பண்ணிட்டான். மூளைக்கு ரத்தம் போகாம கண்ணு, பேச்சு, நெனவு எல்லாம் போச்சு. அவனுக்கு கொலை முயற்சிக்கும் திருட்டுக்கும்தான் தண்டனை, ஏழு வருசம், பலாத்காரத்துக்கு கேஸே இல்ல. அவன் வெளிய வந்து போயிட்டான், இவ கிட்டத்தட்ட 42 வருசம் அந்த வார்டு 4 பக்கத்து ரூம்லயே கிடந்தா. நடுவுல மாநகராட்சி அவளை வேற எடத்துக்கு மாத்தப் பாத்தப்போ நர்ஸுங்க ஸ்ட்ரைக் பண்ணித் தடுத்தாங்க. அத்தனை வருசம் படுக்கைல கிடந்த உடம்புல ஒரு படுக்கைப்புண் கூட இல்லைனு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயே எழுதியிருக்கு. படுக்கைப்புண் வராம பாக்குறதுன்னா என்னங்கறது நர்ஸுக்குத்தான் தெரியும் சார், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடணும், முதுகு துடைக்கணும், ஈரம் தங்கக்கூடாது, ராத்திரி டியூட்டில ஆள் இல்லேன்னாலும் பாக்கணும். பேட்ச் பேட்ச்சா நர்ஸுங்க மாறி மாறி அதைப் பண்ணிருக்காங்க, அவ நல்லா இருந்த காலத்துல அவளைப் பாத்தே இருக்காத பொண்ணுங்க கூட.

பத்திரிகையாளர் பிங்கி விரானி அவளுக்காக சுப்ரீம் கோர்ட் போனார். 2011 மார்ச் 7-ஆம் தேதி மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான சுதா மிஸ்ராவும் குடுத்த தீர்ப்புல அருணாவுக்கு அனுமதி கிடைக்கல. அவளுக்கு உண்மையான சொந்தம்னா அது கேஇஎம் ஆஸ்பத்திரிக்காரங்கதான், அவங்க வேண்டாங்கறாங்கனு சொல்லிட்டாங்க. ஆனா அதே தீர்ப்புலதான், வேற கேஸ்கள்ல ஐகோர்ட் அனுமதியோட சிகிச்சையை நிறுத்தலாம்னு முதல் தடவையா வழி திறந்துச்சு. 2015 மே 18-ஆம் தேதி நிமோனியா வந்து அவ போய் சேந்தா. அந்த நர்ஸுங்களை நெனச்சா எனக்கு பெருமையா இருக்கும், ஆனா ஒண்ணு மட்டும் உறுத்தும். அத்தனை வருசமும் அருணாவுக்காக நர்ஸுங்க பேசினாங்க, விரானி பேசினார், அரசு வக்கீல் பேசினார், நீதிபதிங்க பேசினாங்க, அவளுக்கு என்ன வேணும்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இல்ல. 25 வயசுப் பொண்ணு அதையெல்லாம் எழுதி வச்சிருப்பாளா என்ன. பாசமா பாத்துக்கிட்டவங்களோட விருப்பமும் படுத்திருக்கறவரோட விருப்பமும் ஒண்ணுனு நாம சுலபமா எடுத்துக்கறோம், நர்ஸுங்களும் அப்படித்தான் எடுத்துக்கறோம்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2018 தீர்ப்பு வந்துச்சு. காமன் காஸ்ங்கற அமைப்பு 2005-ல போட்ட கேஸ், மார்ச் 9-ஆம் தேதி தீபக் மிஸ்ரா தலைமைல தீர்ப்பு. கண்ணியத்தோட சாகுறதும் அரசியல் சட்டம் 21-ஆவது பிரிவு சொல்ற வாழ்வுரிமைல அடங்கும்னாங்க, நெனவோட இருக்கறப்பவே லிவிங் வில், அதாவது எந்த சிகிச்சை வேண்டாம்னு சொல்ற உயில், எழுதி வைக்கலாம்னாங்க. சொத்து உயில் செத்ததுக்கப்புறம் நடைமுறைக்கு வரும், இது உயிரோட இருந்து வாய் பேச முடியாத நிலைமை வந்தா நடைமுறைக்கு வரும். ஆனா ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் முன்னாடி கையெழுத்து, 20 வருச அனுபவமுள்ள டாக்டர்கள் போர்டு, கலெக்டர் அமைக்கிற இன்னொரு போர்டு, மறுபடி மாஜிஸ்திரேட் நேர்ல வந்து பாக்கணும்னு ஏகப்பட்ட கட்டுப்பாடு போட்டதுல ஒருத்தரும் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. ஐசியூ டாக்டருங்க அமைப்பே மறுபடி கோர்ட்டுக்குப் போய் இது நடக்காத காரியம்னு சொல்லி, 2023 ஜனவரி 24-ல கே.எம்.ஜோசப் தலைமையிலான அமர்வு மாத்திக் குடுத்துச்சு.

இப்போ என்ன முறைனா, 18 வயசு தாண்டின யாரும், சுயபுத்தியோட, யார் வற்புறுத்தலும் இல்லாம எழுதலாம். எந்த நிலைமை வந்தா எந்த சிகிச்சை வேண்டாம்னு தெளிவா இருக்கணும், நமக்காக முடிவு சொல்ற ஆட்களோட பேரை எழுதணும், ஒருத்தருக்கு மேலயும் போடலாம், ரெண்டு சாட்சி, அப்புறம் நோட்டரி இல்லேன்னா கெஜட்டட் ஆபீசர் முன்னாடி கையெழுத்து. மனசு மாறினா எப்போ வேணாலும் ரத்து பண்ணிக்கலாம். அந்த நிலைமை வந்தா, பாக்குற டாக்டரோட அந்தத் துறையில அஞ்சு வருச அனுபவமாவது உள்ள ரெண்டு டாக்டர் சேந்து ஒரு போர்டு, அவங்க சரினு சொன்னா மாவட்ட தலைமை மருத்துவ அதிகாரி அனுப்புற ஒரு டாக்டரோட வேற ரெண்டு டாக்டர் சேந்து ரெண்டாவது போர்டு, ஒவ்வொண்ணும் கூடுமானவரை 48 மணி நேரத்துல முடிவு சொல்லணும், அப்புறம் மாஜிஸ்திரேட்டுக்கு தகவல் குடுத்துட்டு நிறுத்தலாம். உயிலே எழுதாதவங்களுக்கும் குடும்பத்தோட சம்மதத்தோட இதே ரெண்டு போர்டு முறை உண்டு. டாக்டருங்க மறுத்தா ஐகோர்ட் போகலாம். அதாவது சார், அந்த மகன்கிட்ட ஆலோசனைக்கு எதிரானு பொய்க் கையெழுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்ல, நேர்மையான வழி ஒண்ணு சட்டத்துல எழுதியே இருக்கு. ஆனா நாலு நாள்ல ரெண்டு போர்டு கூட்டி, பேப்பர் தயார் பண்ணி, மாஜிஸ்திரேட்டுக்கு எழுதுற வேலைக்கு எந்த ஆஸ்பத்திரியும் கிளம்பறதில்ல, ஒரு படிவத்துல முடியுற வேலைக்கு எதுக்கு இத்தனைனு விட்டுடுறாங்க. டாக்டருங்களைக் கேட்டா நாளைக்கு யாராவது கேஸ் போட்டா யார் அலையிறதும்பாங்க, அந்த பயமும் நியாயம்தான்.

டியூப் சாப்பாடு விஷயம் ஒண்ணு தனியா இருக்கு. 2024 ஜூலைல டெல்லி ஐகோர்ட்டுக்கு ஒரு கேஸ் வந்துச்சு, மாடிலேருந்து விழுந்து 2013-லேருந்து அசைவில்லாம கிடந்த ஒரு இளைஞரோட அப்பா அம்மா கேட்டது. மெஷின் எதுவும் இல்லாம அவர் தானா மூச்சு விடுறார், ட்யூப் வழியா சாப்பாடு மட்டும்தான் போகுது, அதனால அனுமதி இல்லைனு கோர்ட் மறுத்துச்சு, அது அப்புறம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. மூக்கு வழியா போற பால் சிகிச்சையா, இல்ல சோறா? வெளிநாட்டுல பல கோர்ட் அதை சிகிச்சைனுதான் எடுத்துருக்கு. நான் ரைல்ஸ் டியூப் போட்ட கையோட சொல்றேன், அது சிகிச்சைதான், ஆர்டர் இல்லாம போட முடியாது, போடறப்போ நோயாளி படற பாடு கொஞ்ச நஞ்சமில்ல. ஆனா பெத்த புள்ளைக்கு பால் ஊத்தறதை நிறுத்துங்கனு ஒரு அம்மாகிட்ட என்னால சொல்ல முடியுமானு கேட்டா முடியாது. இதுல தெளிவான பதிலை எதிர்பாக்காதீங்க, என்கிட்ட இல்ல.

சரி, அப்போ ஊசி போடுற சட்டமும் வந்துட்டா என்னனு கேப்பீங்க. நெதர்லாந்துல முன்னாள் பிரதமர் ட்ரீஸ் வான் ஆக்ட் 2024 பிப்ரவரில தன் மனைவியோட சேந்து, ரெண்டு பேருக்கும் 93 வயசு, கையைக் கோத்துக்கிட்டு போய் சேந்தார்னு செய்தி வந்தப்போ நம்ம ஆளுங்களே நல்ல சாவுன்னாங்க. இருக்கலாம். கனடாவுல 2016-ல சாகக் கிடக்கறவங்களுக்குனு ஆரம்பிச்சாங்க, 2021-ல சாவு பக்கத்துல இல்லாதவங்களுக்கும்னு விரிச்சாச்சு. அந்த ஊர்லயாவது முதியோருக்கு பென்ஷன், இலவச வைத்தியம் எல்லாம் இருக்கு. நான் விருதுநகர் மாவட்டத்துக்காரி சார். எங்க பக்கம் தலைக்கூத்தல்னா என்னனு சின்னப் புள்ளைக்கும் தெரியும். படுத்த படுக்கையா கிடக்குற கிழவன் கிழவிக்கு விடியக்காலைல தலை முழுக்க எண்ணெய் வச்சு பச்சைத் தண்ணியை ஊத்தி, இளநியா குடுத்து கதையை முடிக்கிறது. அதுல கருணை இல்லவே இல்லைனு சொல்ல மாட்டேன், பாக்க ஆளில்லாம, புண்ணு புழுத்து, கூலிக்குப் போனாதான் அடுப்பு எரியும்ங்கற வீட்டுல என்ன பண்ணுவாங்க. ஆனா அதுல காணி நிலமும் உண்டு, மருமகளோட இடுப்பு வலியும் உண்டு, பேரன் கல்யாணத்துக்கு முன்னாடி முடிஞ்சாத் தேவலைங்கற கணக்கும் உண்டு. 2010-ல ஒரு முதியவர் தன்னை இப்படிப் பண்ணப்போறாங்கனு காதுல விழுந்து வீட்டை விட்டு ஓடினார்னு பேப்பர்லயே வந்துச்சு. கிழவிகிட்ட யாரும் கேக்க மாட்டாங்க, கேட்டா அவ என்ன சொல்லுவா தெரியுமா, "நான் எதுக்குய்யா உங்களுக்கு பாரமா"ம்பா. அதை சம்மதம்னு எழுதிக்க ஒரு படிவமும் ஒரு சட்டமும் இருந்தா நெனச்சுப் பாருங்க. ஆகவே அந்த சட்டத்துக்கு நான் எதிர்ப்பு, இன்னைக்கு நெலமைல கண்டிப்பா எதிர்ப்பு.

நம்ம மரபுலயே சாவை தேர்ந்தெடுத்தவங்க இருக்காங்களேனு ஒரு வாசகர் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை எழுதியிருந்தார். உண்மைதான், செஞ்சி பக்கம் திருநாதர்குன்றுல 57 நாள் உண்ணாம இருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியரோட கல்வெட்டு இன்னைக்கும் இருக்கு. சமணர்கள் உண்ணாம இருந்து உயிர் விடுற சந்தாராவை 2015 ஆகஸ்டுல ராஜஸ்தான் ஐகோர்ட் தற்கொலைனு தடை பண்ணி, அதே மாசத்துல சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நிறுத்தி வச்சுது. ஆனா ராஜாவும் முனிவரும் தானா உக்காந்தாங்க, யாரும் உக்கார வைக்கல. தலைக்கூத்தலுக்கும் அதுக்கும் அந்த ஒரு வித்தியாசம் போதாதா.

வலியைப் பத்தி பேசாம இந்த விவாதமே வெட்டி. என்னைக் கொன்னுடுங்க சிஸ்டர்னு கத்துன கேன்சர் நோயாளிங்களுக்கு மார்ஃபின் ஒழுங்கா ஏத்தினதும் அடுத்த நாள் காப்பி கேட்டிருக்காங்க, பேப்பர் கேட்டிருக்காங்க. ஆனா நம்ம ஆஸ்பத்திரிகள்ல மார்ஃபின் போட்டா செத்துருவாங்க, அடிமையாயிருவாங்கனு டாக்டருங்களுக்கே பயம். 1985 போதைப்பொருள் சட்டத்துல அத்தனை லைசென்ஸ் கெடுபிடி, 2014-ல திருத்தி எளிசாக்கினாங்க, இருந்தும் சின்ன ஊர்கள்ல கிடைக்கறது குதிரைக்கொம்பு. பக்கத்துல கேரளாவுல 1993-லயே கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் கூட இருந்தவங்களும் ஆரம்பிச்சு வச்ச பாலியேட்டிவ் கேர், அதாவது வலி தணிப்பு சிகிச்சை, ஊர் ஊரா பரவி, 2008-ல அரசே அதுக்குனு கொள்கை கொண்டு வந்துச்சு, அக்கம்பக்கத்து ஜனங்களே படுக்கையாளரைப் போய்ப் பாக்குறாங்க. நம்ம மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்சப்போ வீட்டுலயே வந்து பாக்குற வலி தணிப்பு சிகிச்சையும் அதுல சேத்தாங்க, நல்ல விஷயம், நான் குறை சொல்லல. ஐசியூலேருந்து வீட்டுக்குப் போற நோயாளிக்கும் அந்தத் திட்டத்துல வீடு தேடி வர்ற நர்ஸம்மாவுக்கும் ஒரு தொடர்பு ஏற்படுத்துங்கங்கறதுதான் என் கோரிக்கை. கையெழுத்து வாங்கி அனுப்புறதுக்கு முன்னாடி வலிக்கு மருந்தும் மூச்சுத்திணறலுக்கு மருந்தும் எழுதிக் குடுத்து, அந்த ஏரியா பாலியேட்டிவ் நர்ஸுக்கு ஒரு போன், இதைக் கட்டாயம் ஆக்கினா சட்டமே மாத்தாம பாதி கொடுமை குறையும்.

கர்நாடகா அரசு 2025 ஜனவரி 30-ல ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு, போர்டுக்கு டாக்டரை நியமிக்கிற அதிகாரம் மாவட்ட சுகாதார அதிகாரிக்கு, எந்தெந்த ஆஸ்பத்திரி போர்டு அமைக்கணும்னு விவரமா. கோவால 2024-ல ஐகோர்ட் நீதிபதி எம்.எஸ்.சோனக் அவரே முதல் ஆளா லிவிங் வில் பதிவு பண்ணிக் காட்டினார். நம்ம அரசும் இதே மாதிரி தெளிவா ஊருக்கெல்லாம் தெரியுற மாதிரி சொல்லணும். கோர்ட் மாவட்ட தலைமை மருத்துவ அதிகாரி, அதாவது சி.எம்.ஓ.னு எழுதிருச்சு, நம்ம ஊர்ல சி.எம்.ஓ.ன்னா கேஷுவாலிட்டில டியூட்டி பாக்குறவருனுதான் பாதிப் பேர் நெனப்பாங்க, ஜாயின்ட் டைரக்டரா, டெபுடி டைரக்டரா, டீனா, யார்கிட்ட போன் பண்ணணும்னு ஒவ்வொரு ஐசியூ சுவத்துலயும் ஒட்டணும்.

நான் என்னோடதை எழுதி முடிச்சுட்டேன். தமிழ்லதான் எழுதினேன், மகளையும் தங்கச்சி மகனையும் முடிவு சொல்ற ஆட்களா போட்டேன், நோட்டரி வக்கீல் இது எதுக்கும்மா, சொத்து எதுவும் இல்லையேன்னு ரெண்டு தடவ கேட்டுட்டுதான் சீல் வச்சார். தீர்ப்புப்படி ஒரு காப்பியை உள்ளாட்சி அலுவலகத்துல பொறுப்பு அதிகாரிகிட்ட குடுக்கணும், அங்க போனா பிறப்பு இறப்பு பதிவு செக்‌ஷன்ல இருந்த தம்பி வாங்கிப் பாத்துட்டு, "இதுக்கு அப்ளிகேஷன் வரலியேம்மா, இறந்ததுக்கப்புறம் கொண்டு வாங்க"ன்னுட்டான். அவனைக் கோவிச்சு என்ன பண்ண, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

உங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான் சார். கருணைக்கொலை சரியா தப்பானு இன்னும் எத்தனை கடிதம் வந்தாலும் போடுங்க, ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை பேப்பர்ல லிவிங் வில் மாதிரிப் படிவம் ஒண்ணை, ஒரு வக்கீலையும் ஒரு ஐசியூ டாக்டரையும் வச்சு சரிபாத்து, வெட்டி எடுத்து நிரப்புற மாதிரி தமிழ்ல அரைப்பக்கம் போட முடியுமா? கூடவே அந்த அதிகாரி யாருனு மாவட்டம் வாரியா சுகாதாரத் துறைகிட்ட கேட்டு வாங்கிப் போட்டீங்கன்னா, உங்க நிருபர் கேட்டா பதில் சொல்லுவாங்க, நான் கேட்டா சொல்ல மாட்டாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி,
விருதுநகர் மாவட்டம்.
(பேர் வேண்டாம் சார், கூட வேலை பாத்தவங்க இன்னும் சர்வீஸ்ல இருக்காங்க.)